காணாமல் போன வேங்கடராமன். காட்டிக் கொடுத்த 'ழ'!

குட்டீஸ்... ஒரு துப்பறியும் கதை கேட்கலாமா?

இந்தக் கதையில் திருடன் கிடையாது, போலீசும் கிடையாது. காணாமல் போனது, பதினாறு வயது பள்ளி மாணவன். தேடி அலைந்தது, அவனது அம்மாவும், சித்தப்பாக்களும். கடைசியில் அவனைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா? நம் தமிழுக்கு அழகு சேர்க்கும் 'ழ' என்ற எழுத்து!

நம்ப முடியவில்லையா? இது கற்பனை அல்ல. 1896ம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உண்மைச் சம்பவம். அந்த மாணவனின் பெயர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் அவரை வேறு பெயரில் அழைத்தது. அந்தப் பெயர் என்ன என்பதை, போகப் போகத் தெரிந்து கொள்வோம்.

வானம் பார்த்த பூமி!

விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது, திருச்சுழி. அந்தப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் விவசாயம். ஊரை ஒட்டி குண்டாறு இருக்கிறது. வெள்ளம் வந்தால் ஆறு; வராத நாட்களில் வெறும் மணல்!

ஊரின் நடுவே, திருமேனிநாதர் கோவில் இருக்கிறது. அம்மன் பெயர் துணைமாலையம்மை. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பழமையான தலம் இது. தேவாரத்தில் இந்த ஊரின் பெயர், திருச்சுழியல். இந்த விஷயத்தை மட்டும் மனதில் ஒரு மூலையில் குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்!

இந்த ஊரில், 1879ம் ஆண்டு டிசம்பர் 30ம் தேதி, பிறந்தான் வேங்கடராமன். அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. திருச்சுழி, மதுரை மாவட்டத்தில் இருந்தது. அப்பா சுந்தரம் அய்யர், ஊரில் வக்கீல் தொழில் செய்தவர். அம்மா அழகம்மாள். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு.

வேங்கடராமனுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டில் அப்பா அடுக்கி வைத்திருந்த பழைய வழக்குக் காகிதங்களைப் பார்த்தான். நல்ல கெட்டியான காகிதம்! விடுவானா? நண்பர்களோடு சேர்ந்து அத்தனையையும் பட்டமாகச் செய்து பறக்க விட்டு விட்டான்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்... இவனுக்கு மொட்டை அடித்து, கோவணத்தைக் கட்டி வெளியே துரத்துங்கள் என்று கத்தித் தீர்த்தார். அவ்வளவுதான், பையனைக் காணோம்! சாப்பாட்டு நேரம் ஆகியும் வரவில்லை. ஊரெல்லாம் தேடினர். கடைசியில், கோவிலுக்குப் போன அர்ச்சகர்தான் பார்த்தார். அம்மன் சிலைக்குப் பின்னால், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

வேங்கடராமன் முதல் முறை காணாமல் போனது அப்போதுதான். மொட்டை, கோவணம் என்று அப்பா கோபத்தில் சொன்னதையும் மறந்து விடாதீர்கள்.

அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதை ஒன்றும் உண்டு. எப்போதோ ஒரு காலத்தில், பசியோடு வந்த துறவி ஒருவருக்கு அந்தக் குடும்பத்தார் சோறு போடாமல் அனுப்பி விட்டனராம். அதனால், தலைமுறைக்கு ஒருவர் துறவியாகிப் பிச்சை எடுப்பார் என்று அவர் சபித்து விட்டுப் போனாராம். உண்மையோ, கட்டுக்கதையோ... சுந்தரம் அய்யரின் சித்தப்பா ஒருவரும், அண்ணன் ஒருவரும் துறவியாக வீட்டை விட்டுப் போனவர்கள்தான்!

'தங்கக்கை' பையன்!

வேங்கடராமனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1892ம் ஆண்டு, அப்பா இறந்து விட்டார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா, தம்பியையும் தங்கையையும் அழைத்துக் கொண்டு, மானாமதுரையில் வக்கீலாக இருந்த சித்தப்பா நெல்லையப்பரிடம் போனார். நாகசாமியும், வேங்கடராமனும் மதுரையில் இருந்த இன்னொரு சித்தப்பா சுப்பய்யரின் வீட்டுக்கு வந்தனர். மீனாட்சியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இருந்தது.

முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி. அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. வேங்கடராமன் படிப்பில் புலி என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒரு முறை கேட்டாலே மனதில் பதிந்து விடும். அதனால், புத்தகத்தைத் திறக்கவே சோம்பல்!

ஆனால், விளையாட்டில்? கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என எதையும் விட்டு வைக்கவில்லை. அவன் எந்த அணியில் சேர்ந்தாலும் அந்த அணிதான் ஜெயிக்கும். அதனால், நண்பர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர், 'தங்கக்கை!'

இன்னொரு விஷயத்திலும் அவனை யாராலும் மிஞ்ச முடியாது, தூக்கத்தில்! பகலில் அவனோடு மோத பயப்படும் பையன்கள், ராத்திரி வந்து, தூங்கும் வேங்கடராமனைத் தூக்கிக் கொண்டு போவர். ஆசை தீர அடித்து விட்டு, பழையபடி படுக்கையில் கொண்டு வந்து போட்டு விடுவர். காலையில் எழுந்தால், நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது!

இப்படி ஓடி ஆடிய பையன், 1895ம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள், தெரிந்த பெரியவர் ஒருவரைத் தெருவில் பார்த்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தான். அருணாசலத்தில் இருந்து வருவதாகச் சொன்னார் அவர். பையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அருணாசலம் என்ற பெயரைக் கேட்டிருக்கிறான். ஆனால், அது நடந்தும், ரயிலேறியும் போகக் கூடிய ஒரு ஊர் என்று அவனுக்குத் தெரியாது. திருவண்ணாமலைதான் அது என்று விளக்கினார் பெரியவர். சில நாட்கள் கழித்து, சித்தப்பா வீட்டில் கிடைத்த பெரியபுராணத்தை எடுத்து, ஒரே மூச்சாகப் படித்து முடித்தான்.

அடுத்த ஆண்டு, 1896ம் ஆண்டு ஜூலை மாதம், அந்த வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தபோது, திடீரென்று மரண பயம் அவனைப் பிடித்துக் கொண்டது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. ஆனாலும், இதோ சாகப் போகிறேன் என்ற எண்ணம். பயந்து ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தரையில் படுத்தபடி யோசித்தான். இந்த உடம்பு செத்துப் போனால், தூக்கிப் போய் எரித்து விடுவர். அப்போது, நான் என்று சொல்கிறோமே, அதுவும் செத்து விடுமா? இல்லை என்று அவன் மனதுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் போய் விட்டது. பிறகு, அது வரவே இல்லை.

அன்று முதல் பையன் மாறிப் போனான். விளையாட்டு பிடிக்கவில்லை. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. தினமும் மீனாட்சியம்மன் கோவிலில் போய் நின்றான்.

மூன்று ரூபாய் கணக்கு!

ஆகஸ்ட் 29ம் தேதி, சனிக்கிழமை. பாடம் படிக்காததற்காக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வரும்படி, பள்ளியில் தண்டனை கொடுத்திருந்தனர். இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறை எழுத மனம் வரவில்லை. காகிதத்தைத் தள்ளி விட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து விட்டான்.

பார்த்துக் கொண்டிருந்த அண்ணனுக்கு எரிச்சல். இப்படி சாமியார் மாதிரி உட்காருபவனுக்கு, வீடும் படிப்பும் எதற்கு என்று குத்தலாகச் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது. அண்ணன் சொல்வது சரிதானே என்று தோன்றியது தம்பிக்கு.

பள்ளியில் மின்சாரம் பற்றி சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தான். அது பொய்! அண்ணனோ அதை நம்பி, போகும் வழியில் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டி விடும்படியும், பெட்டியில் இருக்கும் 5 ரூபாயை எடுத்துக் கொள்ளும்படியும் சொன்னார். சாப்பாடு போட்ட சித்தி, பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

வேங்கடராமன் ஒரு பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தான். அதில், திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம், திண்டிவனம் என்று தெரிந்தது. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மீதி 2 ரூபாயை அப்படியே வைத்தான். கூடவே ஒரு கடிதம்.

துப்பறிபவர்களுக்கு அந்தக் கடிதம் ஒரு பெரிய புதிர்! தந்தையைத் தேடி, அவர் கட்டளைப்படி கிளம்புவதாக எழுதியிருந்தான். அப்பாதான் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றனவே? நல்ல காரியத்துக்காகத்தான் போவதால் யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடுவதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் இருந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற கணக்கும் இருந்தது. எந்த ஊருக்குப் போகிறான் என்பது மட்டும் இல்லை! முதல் வரியில் தன்னை நான் என்று எழுதியவன், அடுத்த வரியில் இது என்று எழுதியிருந்தான். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு!

அழிந்து போன தடயங்கள்!

ரயில் நேரம் பகல் 12 மணி. வேங்கடராமன் நிலையத்துக்குத் தாமதமாகத்தான் போனான். ஆனால், ரயில் அவனை விடத் தாமதம்!

இப்போது நீங்களும் கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. திண்டிவனத்துக்கு டிக்கெட், 2 ரூபாய் 13 அணா. கையில் மீதி 3 அணா. வழியில், அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கினான். ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. மீதி இரண்டரை அணா!

ரயிலில் எதிரே இருந்த மவுல்வி ஒருவரிடம் பேசியபோதுதான், வரைபடம் பழசு என்பது தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினால், அங்கிருந்து திருவண்ணாமலைக்கே தனியாக ரயில் பாதை இருக்கிறது என்றார் அவர். அதிகாலையில் விழுப்புரத்தில் இறங்கினான். காலையில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டு விட்டுக் காசை நீட்டினான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்த ஓட்டல்காரர், பையனைப் பார்த்து இரக்கப்பட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி விட்டார். இரண்டரை அணா பிழைத்தது! அதை வைத்து, மாம்பழப்பட்டு வரை டிக்கெட் வாங்கினான். கையில் இப்போது பூஜ்யம்.

அங்கிருந்து நடை. பத்து மைலுக்கு மேல், அதாவது 16 கிலோ மீட்டருக்கு மேல் நடந்து, மாலையில் அரகண்டநல்லூர் பாறைக் கோவிலை அடைந்தான். பூஜை முடிந்ததும், அர்ச்சகர்கள் பக்கத்தில் இருந்த கீழூர் கோவிலுக்குப் போக, இவனும் பின்னாலேயே போனான். பசியோடு சோறு கேட்டான். கொடுக்க மறுத்தார் அர்ச்சகர். அதைப் பார்த்த கோவில் மேளக்காரர், தன் பங்கு சோற்றை இவனுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த நல்ல மனிதரால்தான், அன்று ஒரு பிள்ளையின் பசி தீர்ந்தது.

மறுநாள், ஆகஸ்ட் 31, கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. காதில் இருந்த கடுக்கனைக் கழற்றி அவரிடம் அடகு வைத்தான். அதன் மதிப்பு 20 ரூபாய் இருக்கும். இவன் வாங்கியது 4 ரூபாய் மட்டும். திரும்ப வந்து மீட்கும் எண்ணம் இல்லாததால், கொடுத்த சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டான்.

செப்டம்பர் 1ம் தேதி காலை, திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். கோவிலுக்குள் போய் அருணாசலேஸ்வரரை வணங்கினான். வெளியே வந்தபோது, குடுமியை எடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்டனர். அய்யன்குளத்துப் படிக்கட்டில் மொட்டை அடித்துக் கொண்டான். மிச்சம் இருந்த 3 ரூபாய் சொச்சத்தைக் குளத்தில் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக் கொண்டான்.

மொட்டை, கோவணம்... திருச்சுழியில் அப்பா கோபத்தில் சொன்னது, நினைவுக்கு வருகிறதா?

இப்போது பாருங்கள். மதுரை ரயில் நிலையத்தில் விசாரித்தாலும், பையன் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான் என்றுதான் சொல்வர். கடுக்கன் சீட்டு கிழிந்து விட்டது. குடுமி போய் விட்டது. பேச்சும் நின்று விட்டது. பெயரைக் கேட்டாலும் பதில் இல்லை. ஒவ்வொரு தடயமும், தானாகவே அழிந்து போய் விட்டது!

அம்மாவின் கண்ணீர்!

மதுரையில் கடிதத்தைப் பார்த்ததும் வீடே கலங்கியது. மானாமதுரைக்குச் செய்தி போனது. அழகம்மாளின் நிலை எப்படி இருந்திருக்கும்? கணவர் இறந்து நான்கே ஆண்டுகள். இப்போது பிள்ளையையும் காணோம்.

திருவனந்தபுரத்தில் ஒரு நாடக கம்பெனியில் வேங்கடராமன் சேர்ந்து விட்டான் என்று, யாரோ கிளப்பி விட்டனர். சித்தப்பா ஓடினார், அங்கே இல்லை. அம்மா மனம் கேட்கவில்லை. தானே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அவரும் போய்த் தேடினார். தன் மகன் வயதில், அதே மாதிரி முடியுடன் ஒரு பையனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக் கொண்டு போய் விட்டான். தன்னைப் பார்த்தும் மகன் ஒதுங்கிப் போகிறானோ என்று உடைந்து போய்த் திரும்பினார்.

பார்த்தீர்களா குட்டீஸ்... பிற்காலத்தில் உலகம் போற்றிய மகானே ஆனாலும், சொல்லாமல் போனால், அம்மாவின் கண்ணீர் அப்படித்தான் இருக்கும். நீங்கள் விளையாடப் போனாலும், வீட்டில் சொல்லி விட்டுப் போங்கள்!

இந்த நேரத்தில், திருவண்ணாமலையில் நம் வேங்கடராமன் என்ன செய்து கொண்டிருந்தார்? ஆயிரங்கால் மண்டபத்தில், அசையாமல் கண்மூடி உட்கார்ந்திருந்தார். குறும்புப் பையன்கள் கல் எறிந்தனர். அவர்களிடம் இருந்து தப்பிக்க, மண்டபத்தின் கீழே இருட்டாக இருந்த பாதாள லிங்கக் குகைக்குள் போய் விட்டார். அங்கே எறும்பும் பூச்சியும் கடித்து, தொடையெல்லாம் புண்ணாகி ரத்தம் வடிந்தது. அது கூட அவருக்குத் தெரியவில்லை! சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி, முடிந்த வரை காவல் காத்தார். பிறகு, வேங்கடாசல முதலியார் என்பவர் சிலரோடு சேர்ந்து, அவரைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் உட்கார வைத்தார்.

அடுத்த ஆண்டு, 1897ல், ஊருக்கு வெளியே இருக்கும் குருமூர்த்தம் என்ற இடத்துக்கு வந்தார். மவுன சுவாமி, பிராமண சுவாமி என்று ஆளுக்கொரு பெயரில் அழைத்தனர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியுமா என்பது கூடத் தெரியாது.

துப்பு கொடுத்த எழுத்து!

சுவாமியைத் தேடி அடிக்கடி வந்தவர்களில், தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கரும் ஒருவர். ஒரு நாள் அவர் பிடிவாதமாகக் கேட்டார். பெயரும் ஊரும் தெரியும் வரை சாப்பிடப் போவதில்லை; அலுவலகமும் போகப் போவதில்லை என்று உட்கார்ந்து விட்டார். காகிதமும் எழுதுகோலும் முன்னால் வைக்கப்பட்டன.

தன்னால் ஒருவர் பட்டினி கிடப்பதா? சுவாமி காகிதத்தை எடுத்தார். வேங்கடராமன், திருச்சுழி என்று இரண்டே சொற்களை எழுதினார். எழுதியது, ஆங்கிலத்தில்!

சுவாமிக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே கணக்கருக்கு அதிர்ச்சி. பெயர் புரிந்தது; ஊர் புரியவில்லை. காரணம், நம் 'ழ!' ஆங்கிலத்தில் அதற்குத் தனி எழுத்து கிடையாதே? இரண்டு எழுத்தைச் சேர்த்து எப்படியோ எழுத வேண்டியிருக்கிறது. அதை எப்படி உச்சரிப்பது என்று விழித்தார் கணக்கர்.

காகிதத்துக்கு அடியில் ஒரு புத்தகம் இருந்தது. சுவாமி அதை எடுத்துப் பார்த்தார். தமிழ்ப் புத்தகம், அதுவும் பெரியபுராணம்! பக்கங்களைப் புரட்டி, சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய தலங்களில் ஒன்றாகத் தன் ஊர் பெயர் வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மனதின் மூலையில் குறித்து வைக்கச் சொன்னேனே... அதற்குத்தான்!

வானம் பார்த்த பூமியில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயர், அன்று வெளியே வந்தது. அந்தப் பெயரோடு செய்தி நடக்கத் தொடங்கியது. குருமூர்த்தத்தில் சுவாமியோடு பழகிய அண்ணாமலைத் தம்பிரான் என்ற துறவி, மதுரை போனபோது, ஞானசம்பந்தர் மடத்தில், திருச்சுழிக்காரரான இளம் சுவாமியைப் பற்றிப் புகழ்ந்து பேசினார். அதைக் கேட்டவர்களில் ஒருவர், திருச்சுழி இளைஞர். அவர் குடும்பத்தாருக்கு ஓடிப் போய்ச் சொன்னார்.

அது 1898ம் ஆண்டு மே மாதம். சித்தப்பா சுப்பய்யர் இறந்து போன துக்கத்தில் மதுரையில் கூடியிருந்த உறவினர்களுக்கு, இந்த நல்ல செய்தி கிடைத்தது. காணாமல் போன பிள்ளை, 20 மாதங்கள் கழித்துக் கிடைத்து விட்டான்!

நெல்லையப்பர் உடனே திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். சுவாமி அப்போது ஒரு மாந்தோப்பில் இருந்தார். தோப்புக்காரர் உள்ளே விடவில்லை. கையில் இருந்த காகிதத்தில் எழுதி அனுப்பினார் சித்தப்பா. அதைப் புரட்டிப் பார்த்தார் சுவாமி. பின்பக்கத்தில், பத்திரப் பதிவு அலுவலக விஷயம் அண்ணன் கையெழுத்தில் இருந்தது. அண்ணனுக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடைத்து விட்டது என்று புரிந்து கொண்டார். துப்பறிவதில், மருமகனும் சளைத்தவர் இல்லை என்று சொல்லலாமா? தப்பு, தப்பு... அண்ணன் மகனும் சளைத்தவர் இல்லை!

அழுக்கு உடம்பு, சடை பிடித்த தலை, நீண்ட நகம்... இருந்தாலும் இது நம் பிள்ளைதான் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்து விட்டது. ஊருக்குப் பக்கத்திலாவது வந்து இருக்கும்படி கெஞ்சினார். பதில் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், நாகசாமியோடு அம்மா வந்தார். பவழக்குன்றில், பாறை மேல் இருந்தார் மகன். பார்த்ததும் கண்டுபிடித்து விட்டார் அம்மா. பல நாட்கள் தினமும் பலகாரத்தோடு வந்து கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே மனம் தாங்கவில்லை. பேசா விட்டாலும், எழுதியாவது பதில் சொல்லும்படி ஒருவர் வேண்டினார். சுவாமி எழுதினார். அவரவருக்கு விதித்தபடிதான் எல்லாம் நடக்கும். எவ்வளவு முயன்றாலும் மாற்ற முடியாது. அதனால், மவுனமாக இருப்பதே நல்லது என்பது, அதன் சாரம்.

கண்டுபிடித்த மகனை அழைத்துப் போக முடியாமல், வெறுங்கையோடு ஊர் திரும்பினார் அந்த அம்மா.

அம்மா வந்தார்!

கதை இத்தோடு முடியவில்லை. மகன் வீட்டுக்கு வரவில்லை. ஆனால், அம்மா மகனிடம் வந்தார்!

மூத்த மகன் நாகசாமி, 1900ம் ஆண்டில் இறந்து விட்டார். 1914ம் ஆண்டு, மகனைப் பார்க்க வந்த அழகம்மாள், கடும் காய்ச்சலில் விழுந்தார். அவரைப் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டவர் யார் தெரியுமா? அன்று வாய் திறக்காத அதே மகன்தான். அம்மா குணமாக வேண்டும் என்று அருணாசலத்தை வேண்டிப் பாட்டும் எழுதினார். பிறகு, 1916ம் ஆண்டு, அம்மா அங்கேயே தங்க வந்து விட்டார். மலை மேல் கந்தாசிரமத்தில், மகனோடு இருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார். தம்பி நாகசுந்தரமும் வந்து சேர்ந்தார்.

அழகம்மாளின் கடைசி நாள், 1922ம் ஆண்டு மே 19ம் தேதி. அன்று நெடுநேரம், அம்மாவின் தலையில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை வைத்தபடி, உயிர் பிரியும் வரை பக்கத்திலேயே இருந்தார் மகன். மலையடிவாரத்தில் அம்மாவை அடக்கம் செய்தனர். தினமும் அங்கே இறங்கி வந்து கொண்டிருந்தவர், அந்த ஆண்டு டிசம்பரில், அங்கேயே தங்கி விட்டார்.

அப்படி உருவானதுதான், இன்று உலகம் அறிந்த ரமணாசிரமம். ஆமாம் குட்டீஸ்... நம் வேங்கடராமன்தான், பகவான் ரமண மகரிஷி! ரமணர் என்ற பெயரை, 1907ம் ஆண்டு காவ்யகண்ட கணபதி முனிவர் சூட்டினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு காலத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போன பையன், பிற்காலத்தில் யாரும் எப்போதும் பார்க்கக் கூடிய மனிதராக இருந்தார்! 1896ம் ஆண்டு வந்து சேர்ந்தவர், 53 ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாள் கூட திருவண்ணாமலையை விட்டு வெளியே போகவில்லை. அதிகாலையில் எழுந்து, காய்கறி நறுக்குவார், சட்னி அரைப்பார். பந்தியில் எல்லாருக்கும் என்ன உணவோ, அதுதான் அவருக்கும். தனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தாலும் பிடிக்காது. குரங்கு, அணில், மயில், லட்சுமி என்ற பசு எல்லாம் அவரைத் தேடி வரும்.

ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரன்டன், 1934ம் ஆண்டு வெளியிட்ட நூலில், அவரைப் பற்றி எழுதினார். பிறகு, கடல் கடந்தும் மக்கள் வந்தனர். 1938ம் ஆண்டு, நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்து பார்த்து விட்டுப் போனார். வந்தவர்களுக்கு எல்லாம் அவர் சொன்னது, பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி. நான் யார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள் என்பதுதான். மதுரை மாடி அறையில், பதினாறு வயதுப் பையனுக்கு வந்த அதே கேள்வி!

கையில் வந்த புற்றுநோயால், 1950ம் ஆண்டு ஏப்ரல் 14ம் தேதி இரவு 8:47 மணிக்கு, அவர் காலமானார். அதே நேரத்தில், வானில் ஒரு பெரிய ஒளி மெதுவாக நகர்ந்து போனதைப் பலர் பார்த்தனர். அவர்களில் ஒருவர், அப்போது அங்கே வந்திருந்த பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெசோன். எரிகல்லா, வேறு ஏதாவதா... அது இன்றும் பேசப்படுகிறது.

திருச்சுழியில் அவர் பிறந்த வீடு, சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் போனால், பார்த்து விட்டு வாருங்கள். கோவிலுக்குள் போனால், பட்டம் விட்ட பையன் ஒளிந்திருந்த அம்மன் சன்னிதியையும் பாருங்கள்.

அப்புறம், இன்னொரு விஷயம். ஊர் பெயரைச் சொல்லும்போது, நாக்கை நன்றாக மடித்து, 'ழ'வை அழுத்திச் சொல்லுங்கள். அந்த ஒரு எழுத்துதான், ஒரு அம்மாவுக்கு மகன் இருக்கும் இடத்தைக் காட்டியது!